பெட்டி பெரிதா, வேலை பெரிதா?

நான் ஹார்ட்வெயார் வியாபாரி. புத்தளத்தில் ஆணி, பெயின்ட், சீமெந்து, குழாய் விற்று 30 வருடங்களுக்கு மேலாகிறது. கொள்முதல், கடன், கணக்கு என்றுதான் இந்தப் பத்தியில் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த வாரம் சொஃப்ட்வெயார் பற்றி எழுதப் போகிறேன். "ஹாஜியாருக்கு இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். இந்த விஷயம் தெரியாததால் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் என் கடையில் பில் கையால் எழுதப்பட்டது. உங்களுக்கும் அது நேரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பாஸின் துணிப்பை

கற்பிட்டியிலிருந்து ஒரு தச்சு பாஸ் என் கடைக்கு அடிக்கடி வருவார். தோளில் ஒரு துணிப்பை. அதில் உளி, சுத்தியல், வாள், அளவு நாடா, சிறிய ட்ரில். அவ்வளவுதான். பெரிய மெஷின் தேவைப்பட்டால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பார். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளோ முதல் நாளே பெரிய கருவிப் பெட்டியைக் கேட்பார்கள். விற்பது என் தொழில், கொடுத்துவிடுவேன். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியில் எட்டுப் பத்துக் கருவிகள்தான் தேய்ந்திருக்கும்.

கணினிக்குப் புரோகிராம் எழுதுபவர்களிடமும் இதே கதைதான். புரோகிராம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்து. அதை எழுதுவதற்கு ஒரு எடிட்டர் வேண்டும். எழுதியதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்ற ஒரு கொம்பைலர் வேண்டும். பிழை தேட ஒரு கருவியும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கருவியும் வேண்டும். இவற்றை ஒரே பெட்டியில் அடைத்துத் தருவதைத்தான் ஐ.டி.ஈ. என்கிறார்கள். மைக்ரோசொஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ, எக்லிப்ஸ், கைத்தொலைபேசிச் செயலிகளுக்கான அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ ஆகியவை இந்த வகை.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பாரத்தைப் பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோ 2022ஐ சாதாரணமாக நிறுவுவதற்கே 20 முதல் 50 ஜிபி இடம் வேண்டும் என்றும், 16 ஜிபி ரெம் இருப்பது நல்லது என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது. அதே நிறுவனம் 2015இல் அறிமுகப்படுத்திய வி.எஸ். கோட் என்ற எடிட்டரோ 500 எம்பிக்குள் அடங்கிவிடும். நோட்பேட் பிளஸ் பிளஸ் (2003), ஜீனி (2005) போன்றவை அதைவிடவும் இலேசானவை. இவை எல்லாமே இலவசம்.

2022இல் வந்த கேள்வி

என் தங்கையின் மகன் உயர்தரம் முடித்து மென்பொருள் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தான். 2022ஆம் ஆண்டு. 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை ஏறிய காலம். "மாமா, என்ட லெப்டொப் காணாது. புதுசு மூன்றரை இலட்சம் சொல்றாங்க. கடனாத் தாங்க, வேலை கிடைச்சதும் திருப்பித் தாறேன்" என்றான்.

அவனுடைய மெஷினைப் பார்த்தேன். 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப். அந்தப் பெரிய பெக்கேஜைத் திறந்தான். நான் ஒரு பிளேன்டி குடித்து முடித்த பிறகுதான் அது வேலைக்குத் தயாரானது. அதற்குள் கரண்டும் போய்விட்டது. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். 900 மெகாவொட் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் குப்பி விளக்குத் தேடிய நாட்கள் அவை. பாரமான பெக்கேஜ் லெப்டொப்பின் பெட்டரியையும் வேகமாகக் குடித்துவிடும்.

"மகன், காசு தாறேன். ஆனா நீ இப்ப படிக்கிற வேலைக்கு இந்தப் பெட்டி முழுக்க வேணுமா என்று முதலில் விசாரிச்சிட்டு வா" என்றேன். விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறான். "இந்த வருடப் பாடத்துக்கு ஒரு எடிட்டரும் கொம்பைலரும் போதும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டான். பெரிய பெக்கேஜில் ஒரு பொத்தானை அமர்த்தினால் நடந்ததெல்லாம் இப்போது கறுப்புத் திரையில் கட்டளையாக அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டான். அண்ட்ரொய்ட் பாடத்தில் தொலைபேசியைப் போல நடிக்கும் எமுலேட்டர்தான் மெஷினை அடைத்துப் போட்டது. அதை விட்டுவிட்டு, கேபிள் போட்டுத் தன் சொந்தத் தொலைபேசியிலேயே செயலியைச் சோதித்தான். எமுலேட்டரின் பாரம் முழுவதும் இல்லாமல் போனது.

முன்பு எழுதும்போதே பிழையைக் காட்டித் தருகிற புத்திசாலித்தனம் பெரும்பாலும் பெரிய பெட்டிகளுக்குள்தான் இருந்தது. 2016இல் மைக்ரோசொஃப்ட் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து அதற்கு ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டது. அதன்படி மொழியை அறிந்த உதவியாள் தனியாக ஓடும், எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். எந்தக் கம்பனி ட்ரில்லுக்கும் பொருந்தும் பிட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலேசான எடிட்டர்கள் இன்று பலமாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பழைய கதை

இது புதிய விஷயமும் அல்ல. 1983இல் வந்த டர்போ பாஸ்கல் எடிட்டரையும் கொம்பைலரையும் சேர்த்தே 40 கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தில் தந்தது. இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அதைவிடப் பெரிது. அன்று ஈமெக்ஸ் என்ற எடிட்டர் 8 எம்பி தின்கிறது என்று கேலி பேசினார்கள். இன்று அதே ஈமெக்ஸ் இலேசானவற்றின் வரிசையில் வைக்கப்படுகிறது. ஆகவே பாரம் என்பது காலத்தையும் கையிலுள்ள மெஷினையும் பொறுத்தது.

நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் என்ற எடிட்டரையும் சொல்ல வேண்டும். அதற்கு அவர் விலை வைக்கவில்லை. பிடித்திருந்தால் உகண்டாவில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார். 2023இல் அவர் காலமானார். விம் இன்றும் உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது.

என் கடையில் நடந்தது

இனி நம் பணத்துக்கு வருவோம். என் கடைக்கு 2006இல் ஊர்த் தம்பி ஒருவர் விஷுவல் பேசிக் 6இல் பில் புரோகிராம் எழுதித் தந்தார். நல்ல வேலை. வரி வீதம் மாறும்போதெல்லாம் அவரே வந்து மாற்றித் தருவார். 2018இல் அவர் கட்டார் போய்விட்டார். 2020இல் வற் பதிவுக்கான எல்லை வருடத்துக்கு 30 கோடியானதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லாமல் போனது. 2022 ஒக்டோபரில் எல்லை 8 கோடியாக இறங்க, மீண்டும் வலைக்குள் வந்தோம். வீதம் அப்போது 15. புரோகிராமில் இருந்ததும் பழைய 15 என்பதால் தப்பித்தோம்.

2024 ஜனவரி முதலாம் திகதி வற் 18 ஆனது. புரோகிராம் 15இலேயே நின்றது. கட்டாருக்குக் கோல் எடுத்தேன். "நானா, அந்தச் சொஃப்ட்வெயார் இப்ப என்னிடம் இல்லை" என்றார். விஷுவல் பேசிக் 6 கருவிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. கொழும்பில் ஒரு நிறுவனத்திடம் கேட்டபோது புதிய சேர்வர், புதிய பெக்கேஜ் என்று 7 இலட்சத்துக்குக் கணக்குத் தந்தார்கள். பத்து வீதமும் பாவிக்காத வசதிகள் அதில் இருந்தன.

அலுமாரியில் இருந்த பழைய சீடியை மருமகனிடம் கொடுத்தேன். அதிலிருந்தவை எழுத்துக் கோப்புகள் என்பதால் நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து வாசித்தான். வீதம் 11 இடங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. வாசிக்க முடிந்தது, ஆனால் திருத்தி மீண்டும் கட்ட அந்தப் பழைய பெட்டி வேண்டும். அது நம்மிடம் இல்லை.

அவன் அதே 4 ஜிபி லெப்டொப்பில், ஜீனி எடிட்டரில், பைத்தன் மொழியில் புதிதாக எழுதினான். கணக்கு முழுவதும் எஸ்.கியூ.லைட் என்ற ஒற்றைக் கோப்பில் இருக்கிறது. வரி வீதம் ஒரே இடத்தில், நானே மாற்றும்படி வைத்திருக்கிறான். ஐந்து வாரம் எடுத்தது. முதல் பதிப்பில் சதக் கணக்குப் பிசகி, ஒரு கொந்தராத்துக்காரர் பில்லைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதையும் திருத்தினான். மருமகன் என்பதற்காக இலவசமாக வாங்கவில்லை, கூலி கொடுத்தேன். கடையிலிருந்த பழைய கணினியிலேயே அது ஓடுகிறது.

பெரிய பெட்டி எப்போது வேண்டும்?

பெரியது பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம். மருமகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். அங்கே இலட்சக்கணக்கான வரிகள், பல பேர் சேர்ந்து எழுதியவை. ஒரு பெயரை மாற்றினால் நூற்றுக்கணக்கான கோப்புகளில் பிழையில்லாமல் மாற வேண்டும். அதற்குப் பெரிய ஐ.டி.ஈ. தான் கைகொடுக்கிறது. சீமெந்து மூடைகளுக்கு டிமோ பட்டா போதும், கம்பிக் கட்டுக்குப் பெரிய லொறிதான் வேண்டும். இலேசான எடிட்டருக்கும் கண்டதையெல்லாம் இணைத்தால் அதுவும் பாரமாகிவிடும்.

பெரிய கம்பனிகளும் இந்தக் கணக்கைப் பார்க்கின்றன. 2005இல் நம் நாட்டில் தொடங்கி உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம், முன்பு எக்லிப்ஸின் மேல் கட்டித் தந்த தன் கருவியைப் பிற்காலத்தில் வி.எஸ். கோட்டின் இணைப்பாகத் தரத் தொடங்கியது.

வியாபாரிகள் கேட்க வேண்டியவை

கடைக்குப் புரோகிராம் செய்விக்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. மூல எழுத்துக் கோப்புகள் முழுவதும் என் கையில் தரப்படுமா? ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

2. அதைத் திருத்திக் கட்ட என்ன கருவி வேண்டும்? அது இலவசமா, லைசன்ஸ் வேண்டுமா? கட்டும் முறையை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

3. என்னிடமுள்ள கணினியில் ஓடுமா? எழுதுபவருக்குத் தேவையான மெஷின் வேறு, கடையில் ஓடத் தேவையான மெஷின் வேறு. அவருடைய பாரத்தை உங்கள் தலையில் ஏற்ற விடாதீர்கள்.

4. வரி, விலை போன்றவற்றை நானே மாற்ற முடியுமா?

5. நீங்கள் நாளை வெளிநாடு போனால் இன்னொருவர் திறந்து வேலை செய்ய முடியுமா?

இன்னொன்று. பிள்ளைகள் பென் டிரைவில் திருட்டுப் பிரதி கொண்டு வந்தால் அனுமதிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராமையும் பாதுகாக்கிறது. சட்டம் பிடிக்காவிட்டாலும் அது அடுத்தவர் உழைப்பு. ஹலாலான இலவசக் கருவி இவ்வளவு இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

மருமகன் கடைசியில் புதிய லெப்டொப் வாங்கினான், கொழும்பில் வேலை கிடைத்து, வேலையின் பாரம் தெரிந்த பிறகு. என்னிடம் கடன் கேட்கவில்லை. என் கடையில் வாங்கிய கூலியும் அந்தப் பணத்தில் சேர்ந்திருந்தது. வீண்விரயம் இல்லாத இடத்தில்தான் பரகத் தங்கும்.