ஆறு மணி நேரப் புகை



உங்கள் கடிதம் கிடைத்தது. உறவினர் வீட்டு விருந்தில் ஸ்பிரிங்பேங்க் விஸ்கி குடித்துப் பார்த்ததாகவும், புகைவாடை இருந்தும் இல்லாத மாதிரி இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘புகை வேண்டுமென்றால் நன்றாகப் புகையட்டும், ஷெர்ரி இனிப்பு வேண்டுமென்றால் இனிக்கட்டும், இரண்டிலும் பாதி எதற்கு?’ என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் இதில் உங்களுக்கு நேர் எதிர்க்கட்சி. அளவாகப் புகையேற்றுவதுதான் கஷ்டமான வேலை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் வால்போல் நீண்டு கிடக்கும் கின்டையர் தீபகற்பத்தில் இருக்கிறது கேம்பல்டவுன். ஸ்பிரிங்பேங்க் ஆலை அங்கே 1828இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான விஸ்கி ஆலைகள் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. இங்கே அப்படியில்லை. ஊறிய பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள். வேர் பின்னிக்கொள்ளாமல், சூடேறிக் கெட்டுப்போகாமல் இருக்க, ஆட்கள் அதை இரவு பகலாகக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு சூளைக்குப் போகிறது. அடியில் பீட் எரிகிறது. நிலக்கரி ஆகிற வழியில் பாதியில் நின்றுபோன சதுப்புநில மண் அது, சுடர் குறைவு, புகை அதிகம்.

புகையைப் பிடித்துக்கொள்வது ஈரமான தானியம்தான். உமி காய்ந்த பிறகு எவ்வளவு புகை போட்டாலும் பெரிதாக ஒட்டாது. அதனால் ஈரம் இருக்கும்போதே எல்லாம் முடிவாகிவிடும். ஸ்பிரிங்பேங்க்குக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் பீட் புகை, அதன்பின் 30 மணி நேரம் வெறும் வெப்பக் காற்று. இதே ஆலையில் செய்யும் லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை பீட். இங்கேயே செய்யும் ஹேசல்பர்ன் விஸ்கிக்குப் புகையே கிடையாது. ஆகவே உங்கள் கோப்பையில் இருந்த அந்த மெல்லிய புகை கைதவறி வந்ததல்ல. வேண்டுமென்றே அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

புகைக்குக் காரணமான ஃபீனால்களைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். ஸ்பிரிங்பேங்க் மால்ட்டில் 12 முதல் 15 வரை, ஐலா தீவின் ஆர்ட்பெக்கில் 55 அளவில். இந்த எண்களை வைத்துப் பாட்டிலை எடைபோடாதீர்கள். இது மால்ட்டில் எடுக்கும் அளவு. மாவரைத்து, நொதிக்கவைத்து, வடித்து முடிப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும். மிச்சமும் பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்து தணிகிறது. புகைச் சத்து வடிப்பின் கடைசிப் பகுதியில்தான் கூடுதலாக இறங்கும். எந்த நேரத்தில் வடிப்பைத் துண்டிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே அளவுள்ள இரண்டு மால்ட்கள் வெவ்வேறு சாராயங்களாக வந்து நிற்கும்.

விஸ்கியில் ஒயினைக் கலந்துவிடுகிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. ஸ்காட்ச் சட்டப்படி தண்ணீரும் நிறத்துக்காகக் கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. ஸ்பிரிங்பேங்க்கில் அந்தக் கேரமலும் கிடையாது. சாராயம் சேர்த்து வலுவேற்றிய ஒயின் வகையைச் சேர்ந்தது ஷெர்ரி. தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அது பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலேறியது, காலிப் பீப்பாய்களை விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கினார்கள். 1980களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும் என்று ஆனதும் அந்த வழி அடைபட்டது. இன்று பெரும்பாலும் விஸ்கிக்காகவே புது ஓக் பீப்பாய் செய்து, அதில் ஓலோரோசோ ஷெர்ரியை ஓரிரண்டு வருஷம் ஊறவைத்து, காலியாக்கி அனுப்புகிறார்கள். மரம் குடித்துவைத்த அந்த ஒயின்தான் உலர்திராட்சை, அத்திப்பழ வாசனையாகத் திரும்பி வருகிறது.

சிக்கல் இங்கேதான். நல்ல ஷெர்ரிப் பீப்பாய் முரட்டுத்தனமானது. மெல்லிய புகையை அது அமுக்கிவிடும். கனத்த புகையோ பழவாசனையை விழுங்கிவிடும். 10 வருஷ ஸ்பிரிங்பேங்க்கில் அறுபது பங்கு பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், நாற்பது பங்கு ஷெர்ரி. 15 வருஷத்ததில் ஷெர்ரியின் பங்கு இன்னும் கூடுதல். பலரும் 15ஐத்தான் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார்கள். என் ஓட்டு 10க்கு. அதில் பழம், உப்புக்காற்று, புகை மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. 15இல் புகையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த முறை கிடைத்தால் சோடாவும் கோலாவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம், குளிரில் வாசனை சுருண்டுவிடும். கொஞ்சமாக ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டுவையுங்கள். 46 சதவீத வலு, ஆகவே சில சொட்டுத் தண்ணீர் விடலாம். குளிர்வித்து வடிகட்டாததால் லேசாகக் கலங்கினாலும் கலங்கும், பயப்படாதீர்கள். முதலில் திராட்சை வரும். விழுங்கிய பிறகு, மூக்கு வழியாக மூச்சுவிடும்போது, முந்தின நாள் அணைத்த விறகடுப்பின் வாடை மெதுவாக ஏறி வரும். விருந்துச் சத்தத்தில் நீங்கள் தவறவிட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

விலை விஷயத்திலும் ஒரு வார்த்தை. உற்பத்தி குறைவு, கிராக்கி அதிகம், அதனால் மறுவிற்பனையில் பல மடங்கு கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். அதே நிறுவனத்தார், 1925 முதல் மூடிக்கிடந்த பக்கத்து கிளென்கைல் ஆலையை வாங்கி 2004இல் திறந்து, கில்கெரன் என்ற பெயரில் விஸ்கி செய்கிறார்கள். மால்ட் ஸ்பிரிங்பேங்க் தரையிலிருந்தே போகிறது. 12 வருஷ பாட்டிலில் எழுபது பங்கு பூர்பன், முப்பது பங்கு ஷெர்ரி, அதுவும் இளம்புகைதான். வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லிவையுங்கள். குடித்துவிட்டு எழுதுங்கள், அப்போதும் பாதிதான் என்று பட்டால் அதையும் எழுதுங்கள்.