சி.டி. ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மாதக்கணக்கில் வயிறு உப்பிக்கொண்டே போகிறது. கைகால் மெலிகிறது, இடுப்பில் மட்டும் துணி இறுகுகிறது. வாயுத் தொல்லை என்று மாத்திரை விழுங்கி அலுத்த பிறகுதான் பலர் சி.டி. ஸ்கேனுக்கு வருகிறார்கள். வயிற்று உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா, அரிதான புற்றுநோய். அது பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது.

"ஸ்கேன் எடுத்தாச்சு, என்ன நோயென்று தெரிந்துவிடும்" என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் உண்மை. படத்தில் தெரிவது என்ன? வயிற்றில் கோத்திருக்கும் நீர், தடித்துப்போன சவ்வு, அதன்மேல் சிறு முடிச்சுகள். குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு சில சமயம் ஒரே பாளமாக இறுகியிருக்கும். சூலகப் புற்றுநோய் பரவினாலும் ஏறக்குறைய இதே காட்சிதான். வயிற்றில் காசநோய் வந்தாலும் இதேதான். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியாவில் இருப்பதால், இங்கே இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடக்கூடியது. புற்றுநோய்க்குக் காசநோய் மருந்து தருவதும் ஆபத்து. குணமாகக்கூடிய காசநோயைப் புற்றுநோய் என்று கைவிடுவது அதைவிடக் கொடுமை. எடுத்த நீரைப் பரிசோதித்தால் மட்டும் பல நேரங்களில் விடை கிடைக்காது. திசுத்துணுக்கை எடுத்து, கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற புரதங்கள் அதில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்துத்தான் நோயியல் மருத்துவர் முடிவு சொல்கிறார். எங்கிருந்து துணுக்கெடுப்பது என்று வழிகாட்டுவது ஸ்கேன்.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை, இனிக் கவலையில்லை" என்பது இதன் மறுபக்கம். ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய முடிச்சுகளை, அதுவும் சிறுகுடலின் மேல் படிந்தவற்றை, சி.டி. அடிக்கடி தவறவிடுகிறது. அறிகுறி விடாமல் தொடர்ந்தால், லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே நேரில் பார்ப்பது பற்றி மருத்துவரிடம் கேட்பதே சரி.

கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பயமும் உண்டு. இந்த நோயில், துளையிட்ட இடத்தில் புற்றணுக்கள் முளைப்பது உண்மையிலேயே நடந்திருக்கிறது. அதனால்தான் விவரமறிந்த அறுவை மருத்துவர்கள் வயிற்றின் நடுக்கோட்டிலேயே துளையிடுகிறார்கள். பின்னால் பெரிய அறுவைச் சிகிச்சையின்போது அந்தத் தழும்பையும் சேர்த்து அகற்றிவிடலாம். இந்தப் பயத்துக்காகத் திசுப் பரிசோதனையைத் தவிர்த்தால், நோயின் பெயர் தெரியாமலே சிகிச்சை எடுக்க நேரும்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, ஒரு வயிற்று சி.டி.யில் உடலில் சேர்வது சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலக மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. காரணமில்லாமல் ஸ்கேன் எடுக்க வேண்டாம், காரணமிருந்தால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலை மட்டுமே கெடுக்கும் என்பதும் தவறு. வயிற்று மீசோதீலியோமாவுக்கும் அது காரணமாகிறது. தூசி பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் நோய் வரலாம். செய்த வேலையைப் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்லிவிட வேண்டும்.

மீசோதீலியோமா என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று குடும்பங்கள் உடைந்துபோகின்றன. அமெரிக்கப் பரிணாமவியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று மீசோதீலியோமா கண்டறியப்பட்டது. அந்நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுவதாக அவர் படித்தார்; மீதிப் பாதியில் தான் ஏன் இருக்கக்கூடாது என்று கணக்கிட்டு 1985இல் கட்டுரை எழுதினார். 2002இல் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.

இன்று தகுதியானவர்களுக்குக் கட்டிகளை அகற்றி, சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுழலவிடுகிறார்கள். யார் தகுதியானவர் என்று முடிவெடுக்க மறுபடியும் சி.டி. தேவை. சிகிச்சைக்குப் பின் வரும் ஸ்கேன்களையும் பழையவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும். ஆகவே, ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், படங்கள் பதிந்த தட்டையும் ஸ்கேன் மையத்தில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.