அண்ணனை அழைக்கலாமா?

கேள்வி: அண்ணன் இஸ்லாத்தைத் தழுவித் திருமணம் செய்துகொண்டார். இந்தத் தீபாவளிக்கு அவரைக் கூப்பிட அம்மா ஆசைப்படுகிறார். "அவன் வந்தால் நான் வரமாட்டேன்" என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஷா ஆலம்

பதில்: கூப்பிடுங்கள். தீபாவளிக்கு மலாய்க்கார நண்பர்களுக்குக் கதவைத் திறந்துவைக்கும் ஊர் நம்முடையது. உடன்பிறந்தவனுக்கு மட்டும் தாழ்ப்பாளா? கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள், புதுச்சட்டியில் சமையுங்கள். அண்ணியிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. மாமாவுக்குப் பலகாரத்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். கோபம் ஆறும்போது வரட்டும்.

பண்டிகையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மலேசிய எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இருந்த மூர்த்தியை நினைவிருக்கிறதா? 2005 டிசம்பரில் அவர் இறந்தபோது, அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்றது ஷரியா நீதிமன்றம். தனக்கு அது தெரியவே தெரியாது என்றார் மனைவி. சிவில் உயர் நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்று கைவிரித்தது. உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. உங்கள் அண்ணன் எதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவருக்கு வாசலில் கோலம் போடலாம்.

ஆனால் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது யார், சொத்து யாருக்கு என்பதை இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முஸ்லிம்களின் வாரிசுரிமைச் சட்டம் வேறு. வீடு அப்பா பெயரில் இருந்தால், உயில் எழுதுமுன் இரண்டு சட்டமும் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அதைத் தீபாவளியன்று மட்டும் பேசாதீர்கள்.

அழைப்பு அம்மாவின் குரலிலேயே போகட்டும்.