கண்வழிக் கல்வியும் இளஞ்சிறாரும்

தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது. சங்கப் புலவர்கள் ஓவியம் தீட்டுதலையும் இச்சொல்லாலேயே குறித்தனர். நாமோ பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் குழந்தைக்கு இரண்டில் ஒன்றை மட்டுமே கற்பிக்கின்றோம்.

காரியாபட்டிக்குத் திருப்பரங்குன்றம் நெடுந்தொலைவன்று. அக்குன்றத்தில் இருந்த எழுத்துநிலை மண்டபத்தைப் பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் காட்டுகிறார். அம்மண்டபத்திற்கு வருவோர் ஓவியத்தைக் கண்டு வாளா நகர்வதில்லை. ஒருவர் சுட்டி வினவுகிறார். மற்றவர் விடை இறுக்கிறார். இவள் இரதி, இவன் காமன் என்கின்றனர். பூனை வடிவில் இருப்பவன் இந்திரன் என்றும், இவள் அகலிகை என்றும், சினந்து நிற்பவன் கௌதமன் என்றும் விளக்கம் தொடர்கிறது. பூனையைப் பூனையாக மட்டும் கண்டவர்க்கு அங்கே கதை இல்லை. எழுத்தைப் போன்றே படத்தையும் படிக்கக் கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. அட்டைகளில் சின்னங்கள் இடம்பெற்றன. எழுத்தறியாக் குழந்தையும் சின்னம் பார்த்துத் தன் அட்டையைத் தானே தேடி எடுத்தது. சுவரில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. எனினும், 2012இல் அரசு நியமித்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கே உரியவர்கள். தொடக்க வகுப்புகளில் வகுப்பாசிரியரே ஓவியமும் கற்பிக்க வேண்டும். நேரம் குறுகினால் முதலில் பறிபோவது ஓவியமே. கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுத்துத் திரும்பப் பெறாத பாடவேளை அது!

உயிருள்ளவற்றின் உருவம் வரையத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அத்தயக்கத்தை நான் மதிக்கின்றேன். ஆயினும் கண்வழிக் கல்வி உருவம் வரைதலோடு முடிவதன்று. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களில் மலரும் கொடியும் செதுக்கிய கைகள் அளவும் ஒழுங்கும் அறிந்த கைகள். அக்கல்வியை நம் பிள்ளைகளுக்கு மறுப்பானேன்?

இவ்வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு படத்தைக் காட்டினேன். சாலையில் இருவர், ஒருவர் அருகில், மற்றவர் தொலைவில். தொலைவில் நிற்பவரைச் சுட்டி, "இவன் சின்னப் பையன்" என்றாள். தவறு அவளுடையதன்று, படத்தில் சிறிதாயிருப்பது தொலைவிலும் இருக்கலாம் என்று எவரும் அவளுக்குச் சொன்னதில்லை. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றேன். மரமற்ற கரிசல் வெளியில் சாலை நெடுந்தூரம் தெரிந்தது. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பேருந்து தீப்பெட்டியளவில் தோன்றியது. கண்கொட்டாமல் பார்த்திருந்த அவள், அது அருகே வந்ததும், "சார், அந்தப் படத்துல இருக்கறவரும் நடந்து வந்தா பெருசாயிருவாரா?" என்று கேட்டாள்.