சத்திரத்தில் கிடைக்காத இடம்

டிசம்பர் 24-ஆம் தேதி மாலைப் பொழுது. புனே நகரின் கன்டோன்மென்ட் பகுதியிலுள்ள மகாத்மா காந்தி சாலை விளக்குகளால் ஒளிர்கிறது. வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. கோவாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் நெவ்ரி, கல்கல் போன்ற பலகாரங்கள் தயாராகிவிட்டன. மக்கள் நள்ளிரவு வழிபாட்டிற்காக ஆலயங்களை நோக்கிச் செல்கின்றனர்.

அதே மாலையில் நகரின் மறுபுறத்தில், சிங்ககட் சாலைப் பகுதியிலுள்ள ராமகிருஷ்ண மடத்திலும் ஒரு விழா நடைபெறுகிறது. ராமகிருஷ்ண சங்கத்தின் மற்ற மையங்களில் நடைபெறுவது போன்றதே இதுவும். குழந்தை ஏசுவைக் கையில் ஏந்திய அன்னை மேரியின் படம் மலர்களால் அலங்கரிக்கப்படுகிறது. மெழுகுவர்த்தி ஏற்றி, பழமும் கேக்கும் நிவேதனம் செய்கிறார்கள். பைபிளிலிருந்து ஏசுபிரானின் பிறப்பு வரலாறு வாசிக்கப்படுகிறது.

‘இந்து மடத்தில் கிறிஸ்துமஸா?’ என்ற கேள்வி, முதல்முறை வருபவரின் மனத்தில் எழுவது இயல்பே. ‘நம் இஷ்டதெய்வத்திடம் உள்ள பக்தி இதனால் குறைந்துவிடாதா?’ என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. இந்தக் கேள்விகளுக்கு விடை காண, அந்தத் திருநாள் என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தொழுவத்தில் பிறந்தவர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்காக நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்த சூசையும் நிறைமாத கர்ப்பிணியான மேரியும் தங்குவதற்குச் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, கால்நடைகளின் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் தாய். செய்தி முதலில் சென்றது அரசர்களுக்கு அல்ல. இரவில் ஆடுகளுக்குக் காவல் இருந்த இடையர்களுக்கு. இவை லூக்கா நற்செய்தி தரும் விவரங்கள். விண்மீனைப் பின்தொடர்ந்து கிழக்கிலிருந்து வந்த ஞானிகளையும், பச்சிளங்குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட ஏரோது மன்னனையும் பற்றி மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கம்சனின் சிறையில் நள்ளிரவில் பிறந்து, ஆயர்பாடியில் வளர்ந்த கண்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தக் காட்சிகள் அந்நியமானவை அல்ல.

பிறந்த தேதியை நற்செய்திகள் குறிப்பிடவில்லை. கி.பி. 336-இல் ரோமில் டிசம்பர் 25 அன்று இவ்விழா கொண்டாடப்பட்டதற்குச் சான்று உள்ளது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் கிறிஸ்தவர்களுக்கு அது இன்று ஜனவரி 7-இல் வருகிறது. எனவே தேதியைவிட அதன் உட்பொருளே முக்கியம். விழாவிற்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம், ஜெபத்திலும் மனத்தூய்மையிலும் காத்திருப்பதற்கான காலமாகும்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ், வைக்கோலும் மாடும் கழுதையுமாக ஒரு தொழுவத்தை அமைத்து, அங்கே கிறிஸ்துமஸ் வழிபாட்டை நடத்தச் செய்தார். இறைவன் எத்தகைய ஏழ்மையை ஏற்றுக்கொண்டான் என்பதைக் கண்ணாரக் காண விரும்பினார் அவர். இன்று வீடுதோறும் வைக்கப்படும் குடிலின் பின்னால் இருப்பது அந்த ஏக்கமே.

இடம் தந்ததும் மறுத்ததும்

‘இடம் உண்டா?’ என்பதே பெத்லகேமில் எழுந்த கேள்வி. புனே நகரின் வரலாற்றிலும் அது எழுந்தது.

பேஷ்வா சவாய் மாதவராவின் படையில் கிறிஸ்தவ வீரர்கள் பணியாற்றினர். வழிபட ஓர் ஆலயம் இல்லாத அவர்களுக்காக, 1792-இல் அந்த இந்து ஆட்சியாளர் நிலம் வழங்கினார். குவார்ட்டர் கேட் அருகே இன்று ‘சிட்டி சர்ச்’ என வழங்கும் அமலோற்பவ அன்னை ஆலயம் அந்த நிலத்தில் எழுந்ததே.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. 1890-இல் அதே நகரில், பாஞ்ச் ஹவுத் என்ற இடத்திலிருந்த கிறிஸ்தவ மிஷனில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. கலந்துகொண்டவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வெளியாயின. பெரும் புயல் எழுந்தது. ஒரு கோப்பைத் தேநீர், சங்கராச்சாரியார் நியமித்த குழுவின் விசாரணை வரை சென்றது. நீதிபதி ரானடே, பாலகங்காதர திலகர் போன்றோர்கூடப் பிராயச்சித்தம் செய்துகொள்ள நேர்ந்தது. நிலம் தந்த நகரம், உடன் அமர்ந்து தேநீர் அருந்த இடம் தரவில்லை.

1892-இல் பம்பாயிலிருந்து வந்த ரயிலில் திலகருடன் ஓர் இளம் துறவி பயணம் செய்தார். திலகர் அவரைப் புனேயிலுள்ள தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார்; சில நாட்கள் அவர் அங்கே தங்கினார். கையில் பணம் இல்லாத அந்தத் துறவியே, மறு ஆண்டு சிகாகோவில் உலகறிய நின்ற சுவாமி விவேகானந்தர். பரிவிராஜக நாட்களில் அவர் உடன் வைத்திருந்த நூல்கள் இரண்டு: ஒன்று பகவத்கீதை, மற்றொன்று தாமஸ் அ கெம்பிஸின் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’. சுவாமிஜியின் சிறிய மூட்டையில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

ஆண்ட்பூரின் அக்கினி

இந்த மனவிரிவு அவருக்குக் குருநாதரிடமிருந்து கிடைத்தது. 1874-இல் தட்சிணேசுவரத்தை அடுத்த யது மல்லிக்கின் தோட்ட வீட்டில், அன்னை மேரியும் குழந்தை ஏசுவும் உள்ள படத்தைக் கண்டு பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் பரவசமானார். சில நாட்கள் அவரது உள்ளம் முழுவதையும் ஏசுவின் நினைவே நிறைத்திருந்தது. முடிவில் பஞ்சவடியில் அவர் ஏசுவின் தரிசனமும் பெற்றார். இதனால் அன்னை காளியிடம் அவர் கொண்ட பக்தி இம்மியும் குறையவில்லை.

1886 ஆகஸ்டில் குருதேவர் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இளம் சீடர்கள் வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில் கூடினர். இரவில் திறந்த வெளியில் தீ வளர்த்துத் தியானம் செய்தனர். பின்னர் நரேந்திரர் ஏசுவின் வாழ்க்கையையும் துறவையும் உணர்ச்சி பொங்க விவரித்தார். அந்த அக்கினியின் முன் அனைவரும் துறவு வாழ்வை மேற்கொள்ள உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பின்னரே அவர்கள் உணர்ந்தனர். அந்தச் சீடர்களில் ஒருவரான சசி, சுவாமி ராமகிருஷ்ணானந்தராக 1897-இல் சென்னைக்கு வந்து, தென்னகத்தில் மடத்தை நிறுவினார். ஆகவே சங்கத்தின் மையங்களில் கிறிஸ்துமஸ் என்பது அயலாருக்குக் காட்டும் மரியாதை மட்டுமல்ல. தன் துறவின் பிறந்தநாளை நினைவுகூர்வதும் ஆகும்.

இஷ்ட நிஷ்டையும் விரிந்த மனமும்

இங்கு ஒரு தெளிவு வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஏசு இறைவனின் ஒரே அவதாரம். இந்துவோ அவரை அவதாரங்களுள் ஒருவராக வணங்குகிறான். இந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. எல்லாம் ஒன்றே என்று வாயளவில் சொல்லிவிட்டு, எதிலும் ஆழ்ந்து செல்லாமல் இருப்பது சமரசம் ஆகாது. குடும்பத்தில் உள்ள அனைவருக்கும் பணிவிடை செய்யும் மருமகள், தன் கணவனிடம் கொண்ட உறவு தனியானது என்பதைக் குருதேவர் சுட்டிக்காட்டுவார். வேரூன்றிய மரம் கிளை பரப்ப அஞ்சுவதில்லை. தன் இஷ்டத்தில் நிலைபெற்றவனே பிறர் இஷ்டத்தை அச்சமின்றி வணங்க முடியும்.

பெத்லகேம் சத்திரக்காரன் கொடியவன் என்று நற்செய்தி கூறவில்லை. அங்கே இடம் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். நம் உள்ளத்தின் நிலையும் இதுவே. ஆசைகளும் கவலைகளும் விருப்பு வெறுப்புகளும் ஏற்கெனவே வந்து தங்கிவிட்டன; இறைவன் வந்து கதவைத் தட்டும்போது இடம் இருப்பதில்லை. அவன் பெரும்பாலும் பசித்தவனாக, நோயாளியாக, நம் வழிபாட்டு முறையை அறியாத அயலானாக வருகிறான். அதனால் அவனை அடையாளம் கண்டுகொள்வதும் இல்லை.

சாதகன் இந்நாளில் செய்யத்தக்கது எளியது. சிறிது நேரம் தனித்தமர்ந்து, உள்ளத்தில் தங்கியிருக்கும் தேவையற்ற ஒன்றை வெளியேற்றலாம். ஒரு வேளை உணவை இல்லாதவருடன் பகிர்ந்துகொள்ளலாம். பிறகு தன் இஷ்டதெய்வத்தின் திருவடியில் அமர்ந்து ஜபம் செய்யலாம். தொழுவத்தில் பிறக்கத் தயங்காதவன், சிறிது இடம் கிடைத்தாலும் வரத் தயங்க மாட்டான்.