திரும்பி வந்த பார்சலும் திருப்பிக் கேட்ட பணமும்

மதுரை

அன்புள்ள யாழினி,

திரும்பி வந்த நான்கு பார்சலும் பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன, பார்த்தாலே எரிச்சலாக வருகிறது என்று எழுதியிருந்தாய். எரிச்சல் இருக்கட்டும், பிரிக்காமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. தம்பியைச் செல்போன் பிடிக்கச் சொல். லேபிளில் உள்ள எண் தெரியட்டும், டேப் ஒட்டிய எல்லாப் பக்கமும் தெரியட்டும், தராசில் வைத்து எடையையும் காட்டு. வீடியோவை நிறுத்தாமல் அப்புறம் கத்தரியை எடு. புதுச் சேலை போய், பழைய துணியோ வெறும் அட்டையோ திரும்பி வருவது இந்த வியாபாரத்தில் நடக்காத ஒன்றல்ல. பிரித்துப் பார்த்துவிட்டுப் படம் எடுத்தால் கூரியர் கம்பெனி ஏற்காது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஏற்க மாட்டேன்.

உன் கடிதத்தில் இரண்டு விவகாரங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, போய்ச் சேராமல் திரும்பிய பார்சல். இன்னொன்று, போய்ச் சேர்ந்த சேலைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் அந்த அம்மாவின் தகராறு. முதலாவது பெரும்பாலும் ஆர்டர் எடுக்கிற நேரத்திலேயே முடிவாகிவிடும், இரண்டாவது படம் எடுத்துப் பேக் பண்ணுகிற நேரத்தில். பார்சல் கையைவிட்டுப் போன பிறகு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

முகவரியை எடுத்துக்கொள். நீ அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் ஒரு பெயர், "மாரியம்மன் கோயில் எதிரில், புதூர்" என்று ஒரு வரி, அப்புறம் பின்கோடு. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை மாரியம்மன் கோயில்! அந்தப் பார்சல் பின்கோடு ஒன்றை மட்டும் நம்பிக் கிளம்பியிருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர், ஆளுக்கொரு மொழியில் முகவரி என்ற குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடே வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சமஸ்கிருதத்தில் கவிதை எழுதியவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. முதல் இலக்கம் மண்டலம். நமக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்து தபாலைப் பிரித்தனுப்பும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபால் நிலையம். திண்டுக்கல் 624001. அவசரத்தில் விரல் மாறி 642001 என்று அடித்தால் உன் சேலை பொள்ளாச்சிக்குப் போய் நிற்கும். அங்கே அப்படி ஒரு தெருவும் இருக்காது, ஆளும் இருக்காது. தப்பாகக் கொடுத்தது வாடிக்கையாளர்தானே என்பாய். போக, வர கூலி உன் தலையில்.

அதனால் முகவரியை வந்தபடி லேபிளில் ஒட்டாதே. நீயே வரிவரியாகப் பிரித்து எழுதி, "இப்படித்தான் ஒட்டப்போகிறேன், சரியா பாருங்கள் அக்கா" என்று திருப்பி அனுப்பு. பதில் வந்த பிறகுதான் பேக்கிங். சென்னை என்றால் பழைய எண்ணா புதிய எண்ணா என்று கேள். கிராமம் என்றால் தபால் நிலையமும் தாலுகாவும் வேண்டும். வீட்டில் இன்னொருவர் செல் நம்பர் கட்டாயம். வேலைக்குப் போகிற பெண்கள் பகலில் போனை எடுப்பதில்லை; மாமியார் எடுப்பார்.

சொல்லப்போனால், பார்சல் திரும்புவதற்கு முகவரியைவிட எடுக்காத போன்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். டெலிவரி பையன் புது நம்பரிலிருந்து கூப்பிடுவான். லோன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம் என்று நினைத்து நம் ஆள் கட் பண்ணிவிடுவார். அவன் "ஆள் இல்லை" என்று போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான். பார்சல் அந்த ஊரை எட்டிய அன்று நீ ஒரு வரி அனுப்பு: "நாளைக்கு வரும், தெரியாத நம்பர் வந்தாலும் எடுங்கள்." இதற்குச் செலவில்லை.

பெரும்பாலான கூரியர்கள் இரண்டு, மூன்று முறை முயல்வார்கள். முதல் முறை முடியாமல் போன அன்றே உன் கணக்குப் பக்கத்தில் காரணம் ஏறிவிடும்: கதவு பூட்டியிருந்தது, முகவரி போதவில்லை, வாங்க மறுத்தார். இதைத்தான் விற்பவர்கள் என்டிஆர் என்கிறோம். தினமும் காலையில் காபிக்கு முன் அதைப் பார். திரும்பி வரத் தொடங்கி ஆர்டிஓ என்று விழுந்துவிட்டால் கதை முடிந்தது. பையன் வராமலே "ஆள் இல்லை" என்று போடுவதும் உண்டு. வாடிக்கையாளரிடம் அன்றைய கால் லிஸ்டின் ஸ்க்ரீன்ஷாட் வாங்கி வைத்து, மறுபடி முயலச் சொல்லி அன்றே புகார் போடு. தபாலில் போனதென்றால் இன்னும் சுலபம். பட்டுவாடா ஆகாததை அந்தத் தபால் நிலையத்தில் வழக்கமாக ஏழு நாள் வைத்திருப்பார்கள். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளச் சொல்.

அனுப்புநர் முகவரியைச் சிறியதாகவாவது பெட்டியின் மேல் எழுதிவிடு. பெறுபவரும் கிடைக்காமல் அனுப்பியவரும் தெரியாமல் போகிற தபாலுக்கென்று அஞ்சல் துறையில் தனி அலுவலகமே இருக்கிறது. அந்தக் காலத்தில் டெட் லெட்டர் ஆபீஸ் என்பார்கள். அங்கே போய்த் தூங்கும் சேலையை நீ தேடிப் பிடிக்க முடியாது.

கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். முன்பின் தெரியாத கடைக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்ப யோசிக்கிறவர் ஏமாற்றுக்காரர் இல்லை, விவரமானவர். போகிற கூலியை மட்டும் முன்பணமாக யூபிஐயில் வாங்கிக்கொள், மிச்சத்தை வாசலில் கொடுக்கட்டும். ராத்திரி ஆர்டர் போட்டுவிட்டுக் காலையில் மறந்துவிடுகிறவர்கள் அந்தச் சிறு தொகையிலேயே வடிகட்டப்பட்டுவிடுவார்கள்.

தொலைந்துபோன பார்சலைப் பற்றியும் ஒரு கணக்கு. ஸ்பீட் போஸ்டில் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதுதான் நெடுநாளாக இருந்துவரும் விதி. 80 ரூபாய் கட்டி 3,000 ரூபாய்ச் சேலையை அனுப்பியிருந்தால் உனக்கு வருவது 160 ரூபாய். கூரியர்களும் பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். படித்துப் பார். விலை கூடிய சேலைக்கு இன்ஷூரன்ஸ் போட்டு, அந்தக் காசை விலையிலேயே சேர்த்துவிடு.

தொலைந்தது கூரியர் கையில் என்றாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில், சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே மேலோட்டமாக வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உண்டு. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு "கூரியர்ல கேட்டுக்கோங்க" என்பார்கள். வீட்டு வாசலில் தருகிறேன் என்று விளம்பரம் போட்டு, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு அப்படிப் பேசுவது நியாயமில்லை. கூரியரைப் பிடித்தது நீ. அவரோடு உன் சண்டை தனி.

இனி அந்த அம்மாவின் விஷயம். அவர் அனுப்பிய படத்தையும் உன் இன்ஸ்டாகிராம் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் ஒரே மாதிரி இல்லை என்று அவர் சொல்வதில் நியாயம் இல்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடி அச்சடித்த மாதிரி இருக்காது. ஆனால் அதை நீ எங்கேயாவது எழுதியிருக்கிறாயா? நிறத்தைப் பற்றி அவர் சொல்வது முழுக்க நிஜம். சேலை அரக்கு. உன் படத்தில் அது குங்குமச் சிவப்பாக எரிகிறது. ஃபில்டர் போட்டிருக்கிறாய். பணத்தைத் திருப்பிக் கொடு, திரும்பி வரும் கூலியும் உன்னுடையது.

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச் என்று போட்டிருந்தேனே" என்பாய். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுத்து, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பணம் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். 2020-ல் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மார்க்கெட்பிளேஸில் விற்கிறவர், விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளையும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளையும் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. மழை வெள்ளம் மாதிரி நம் கையில் இல்லாத காரணத்தால் பிந்தினால் மட்டும் விலக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள். வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் இல்லை. தாராவியில் இருக்கிறவர் 900 ரூபாய்ச் சேலைக்காக மும்பையில் போட்டால், சின்னாளப்பட்டியில் இருந்துகொண்டு நீ பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவர் 1915-க்கு ஒரு போன் போட்டாலே அந்த உதவி மையத்திலிருந்து உனக்குப் புகார் வரக்கூடும்.

அவருக்கு எழுத வேண்டியதை இப்படி எழுது: "அக்கா, படத்தில் நிறம் தூக்கலாக வந்திருக்கிறது, நீங்கள் சொல்வது சரிதான். நாளை பிக்கப்புக்கு ஆள் வருவார், சேலையை அதே கவரில் கொடுத்தால் போதும். எங்கள் கைக்கு வந்த மறுநாள் 1,150 ரூபாயும் நீங்கள் கட்டிய வழியிலேயே திரும்ப வரும்." கதை வேண்டாம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் வேண்டாம். என்ன செய்வாய், எப்போது செய்வாய், எவ்வளவு என்பது மட்டும்.

"கட்டிய வழியிலேயே" என்பதை விட்டுவிடாதே. அவர் கார்டில் கட்டியிருக்கிறார். அவசரப்பட்டு நீ ஜிபேயில் அனுப்பிவிட்டால், கார்டு வங்கியில் அவர் ஏற்கெனவே போட்டு வைத்த தகராறு தனியாக நடந்துகொண்டிருக்கும். சார்ஜ்பேக் என்று அந்தப் பணமும் உன் கணக்கிலிருந்து போய்விடும். பேமென்ட் கேட்வே பக்கத்தில் போய் அந்த ஆர்டரையே எடுத்து ரீஃபண்ட் கொடு. கார்டு ரீஃபண்டுக்கு 23 இலக்கத்தில் ஒரு எண் வரும், யூபிஐக்கு 12 இலக்கம். அதை அவருக்கு அனுப்பிவிட்டால் "பணம் வரலையே" என்ற கேள்விக்கு அவருடைய வங்கியே பதில் சொல்லும். ஜிஎஸ்டி பில் போட்டிருந்தால் கிரெடிட் நோட் போடச் சொல்லி ஆடிட்டருக்கும் ஒரு வரி தட்டிவிடு.

பணம் கழிந்துவிட்டது, ஆனால் உன் கணக்கில் ஏறவில்லை என்பது வேறு கதை. அதற்கு நீ ரீஃபண்ட் தரக் கூடாது. உன்னிடம் வராத பணம் அது. கடைக்குக் கட்டிய யூபிஐ பணம் அப்படி நடுவில் நின்றால், பணம் கழிந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் சொல்லிவிட்டது. அதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்.

எல்லாத் தகராறிலும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. "பெட்டி காலியாக வந்தது" என்கிறவருக்கு எதிராக உன்னிடம் இருக்க வேண்டியது பேக்கிங் வீடியோ. முந்தானையை விரித்துக் காட்டு, உடலில் கறை இல்லை என்று காட்டு, மடித்து உள்ளே வை, பில்லைப் போடு, ஒட்டு, தராசில் வை, லேபிள் எண்ணைக் காட்டு. எல்லாம் ஒரே ஷாட்டில். உன் தராசு 620 கிராம் காட்டி, கூரியர் பதிவிலும் அதே எடை ஏறியிருந்தால் காலிப் பெட்டிக் கதை அங்கேயே நின்றுவிடும். ஆர்டர் எண்ணையே ஃபைலுக்குப் பெயராக வைத்து ஆறு மாதம் அழிக்காதே. கார்டுத் தகராறுகளில் பலவற்றுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. சார்ஜ்பேக் நோட்டீஸ் வந்தால் அதிலேயே கடைசித் தேதி இருக்கும். அதற்குள் பில், பட்டுவாடா சான்று, வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். நியாயம் உன் பக்கம் இருந்தாலும் தேதி தாண்டினால் பணம் போனதுதான்.

"டெலிவர்டு என்று காட்டுகிறது, ஆனால் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் உடனே திருட்டுப் பட்டம் கட்டாதே. வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரிக்கச் சொல். அதே நேரம் கூரியரிடம் கையெழுத்தோ, படமோ, ஓடிபி பதிவோ கேள். இருந்தால் வாடிக்கையாளருக்கு அனுப்பு. கூரியரிடம் எதுவும் இல்லை என்றால் வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் கூரியரிடம் கேட்டு எழுது. கட்டிய சேலையை மடித்து அனுப்பி, மஞ்சள் வாசனையோடு திரும்ப வந்தால் மட்டும் உறுதியாக நில். படத்தோடு மறுத்துவிட்டு, சேலையை அவருக்கே திருப்பி அனுப்பு.

வாங்க மறுத்துக்கொண்டே இருக்கிறவர்களின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள். அடுத்த ஆர்டரை முழுப் பணத்துக்கு மட்டும் எடு. நீ ஸ்டோரியில் போட்டிருக்கும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்தக் கடிதம் கண்டவுடன் எடுத்துவிடு. அதில் ஒரு பெண்ணின் பெயரும் வீட்டு முகவரியும் போன் நம்பரும் அப்படியே தெரிகிறது.

அன்புடன்,
அத்தை