டேஸ்டிங் மெனு விருந்து: போகுமுன் ஒரு வியாபாரி அறிய வேண்டியவை

வெளிநாட்டுக் கம்பனிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இப்போது ஒரு புதுச் சோதனை வந்திருக்கிறது. முன்பெல்லாம் சாமான் தரும் கம்பனிக்காரர் விருந்து கொடுத்தால் பெரிய ஹோட்டலில் பஃபே வைப்பார். வேண்டியதை எடுப்போம், வேண்டாததை விட்டுவிடுவோம். இப்போது சிலர் 'டேஸ்டிங் மெனு' உள்ள இடத்துக்கு அழைக்கிறார்கள். அங்கே எடுப்பதும் விடுவதும் நம் கையில் இல்லை. இதில் நான் பட்டதை எழுதினால் யாராவது ஒருவருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

2018 இல் நானும் என் மகனும் சிங்கப்பூர் போயிருந்தோம். நான் சாமான் எடுக்கும் கம்பனியின் உரிமையாளர், ஒரு சீனர், எங்களை இரவு விருந்துக்கு அழைத்தார். சாப்பாட்டில் ஏதும் விலக்கு உண்டா என்று கேட்டார். 'நோ போர்க்' என்றேன். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

மொத்தம் 12 வகை. மூன்றாவதாக மீன் வந்தது. மேலே ஊற்றியிருந்த சோஸின் வாசம் எனக்குச் சரியாகப் படவில்லை. வெயிட்டரிடம் கேட்டேன். வெள்ளை வைனில் காய்ச்சியது என்றார். முதல் இரண்டிலும் என்ன இருந்ததோ என்ற எண்ணம் வந்ததும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பிறகு வந்த எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். நம்மைக் கௌரவிக்க அழைத்த மனிதரின் முகம் சுருங்கிப் போனது. அன்று 60 நாள் கடன் தவணை பற்றிப் பேச இருந்தேன். அந்தப் பேச்சையே எடுக்க முடியவில்லை. பத்து மணி தாண்டி, சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள ஒரு கடையில் முர்தபா சாப்பிட்டுப் பசியாறினோம்.

"முதலே எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருந்தா அவர் வேற ஏற்பாடு செய்திருப்பார் தானே வாப்பா" என்றான் மகன். அவன் சொன்னது சரி. பிழை அழைத்தவருடையது அல்ல. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்த என்னுடையது.

இது என்ன விருந்து?

நாம் மெனுவைப் பார்த்து ஓடர் கொடுப்பதில்லை. தலைமைச் சமையற்காரர் தீர்மானித்த வரிசையில், சிறிய அளவில், ஏறக்குறைய 8 முதல் 20 வகை வரை ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிரெஞ்சுக்காரர் இதை 'டெகுஸ்தாசியோன்' என்பார்கள். சுவை பார்த்தல் என்று பொருள். ஜப்பானியரின் கைசெகி விருந்தும் இப்படி வரிசையாக வருவதுதான். ஒரு பீங்கானில் ஒன்றிரண்டு வாய்தான் இருக்கும். பெரும்பாலும் லேசானவை முதலில், பிறகு மீன், அதன் பின் இறைச்சி, கடைசியில் இனிப்பு. முடிய இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஆகும். பசி தீராது என்று பயந்து முதலில் வைக்கும் பாணைத் தின்று வயிற்றை நிரப்பாதீர்கள். முடிவில் வயிறு நிறைந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. வலீமா வீட்டில் சஹனைச் சுற்றி உட்காரும் ஆறு பேரும் மெனு கேட்பதில்லை. வைப்பதைச் சாப்பிட்டு எழும்புகிறோம். அங்கே சமைத்தவர் நம்மவர், அதனால் கேட்காமல் சாப்பிடுகிறோம். இங்கே கேட்டே ஆக வேண்டும்.

போகுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். இத்தகைய இடங்களில் முற்பதிவின்போதே அவர்கள் இதைக் கேட்பார்கள். அது அவர்களுக்குத் தொந்தரவு அல்ல. மேசைக்கு வந்தபின் சொல்வதுதான் தொந்தரவு. 'ஹலால்' என்ற ஒரு சொல் போதாது. பலர் அதைப் பன்றி இறைச்சி வேண்டாம் என்று மட்டுமே விளங்கிக் கொள்கிறார்கள். பிரித்து எழுதுங்கள்: ஹலால் இல்லாத இறைச்சியும் அதன் சாறும் கொழுப்பும் வேண்டாம், சோஸில் வைன் வேண்டாம், ஜப்பானியச் சமையலில் சேரும் மிரின், சாக்கே வேண்டாம், இனிப்பில் ஜெலட்டினும் ரம்மும் வேண்டாம். சூடாக்கினால் மதுசாரம் பறந்துவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். முழுதாகப் பறப்பதில்லை.

இரண்டாவது, ஹலால் சான்றிதழ் உள்ள இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. சிங்கப்பூரில் 'முயிஸ்' எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் சான்றிதழ் கொடுத்து வருகிறது. ஆனால் டேஸ்டிங் மெனு உள்ள இடங்களில் பெரும்பாலானவை வைன் பரிமாறுபவை. அப்படியான இடத்துக்குப் போகலாமா என்பதை உங்கள் ஊர் உலமாவிடம் முதலில் கேளுங்கள். அது நான் தீர்ப்புச் சொல்லும் விடயமல்ல. மனதுக்குச் சரிப்படாவிட்டால் "பகல் சாப்பாட்டுக்கு நான் அழைக்கிறேன்" என்று ஹலால் கடை ஒன்றுக்கு அவரை அழையுங்கள். யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

மூன்றாவது, தொழுகை நேரத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் வரும். ஏழு மணிக்கு மேசை போட்டால் தொழுகை தவறும் அபாயம் உண்டு. ஏழரைக்குக் கேளுங்கள்.

நான்காவது, நீங்கள் அழைப்பவராக இருந்தால் பில்லை முதலே கணக்குப் பாருங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் அடையாளம் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சிங்கப்பூரில் சேவைக் கட்டணம் வழமையாக 10 வீதம். அதையும் சேர்த்த தொகைக்கு ஜி.எஸ்.டி. வரி 2024 முதல் 9 வீதம். 300 டொலர் விருந்து 359.70 டொலராகிவிடும். நான்கு பேருக்கு ஏறக்குறைய 1,440 டொலர். போத்தல் தண்ணீருக்கும் காசு. பல இடங்களில் முற்பதிவுக்கு கார்ட் இலக்கம் கேட்பார்கள். கடைசி நேரத்தில் வராவிட்டால் பணம் போய்விடும்.

இதில் உள்ள வியாபாரம்

முற்பதிவில் இவ்வளவு கண்டிப்பு ஏன்? எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று முன்பே தெரிந்தால் கொள்முதல் அளவாக இருக்கும், வீண்விரயம் குறையும். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 2011 இல் திறந்த 'நெக்ஸ்ட்' என்ற உணவகம், சினிமா டிக்கட் போல விருந்துக்கு டிக்கட் விற்று முழுப் பணத்தையும் முன்பே வாங்கியது. அதன் பங்காளர் நிக் கொகோனாஸ் முன்பு நிதிச் சந்தையில் வியாபாரம் செய்தவர். நம் கலியாணச் சமையற்காரர் "எத்தனை சஹன்?" என்று கேட்டு அட்வான்ஸ் வாங்குவதும் இதே கணக்குத்தான்.

ஆனால் பெயர் வேறு, இலாபம் வேறு. 30க்கும் மேற்பட்ட வகைகள் பரிமாறி உலகப் புகழ் பெற்ற ஸ்பெயினின் 'எல் புல்லி' 2011 இல் மூடப்பட்டது. அதன் கடைசி ஆண்டுகளில் சாப்பாட்டில் இலாபம் வரவில்லை. புத்தகங்களும் சொற்பொழிவுகளும்தான் அதைத் தாங்கின. கடையை அலங்கரிக்குமுன் நாமும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2024 இல் அதே மனிதர் மீண்டும் அழைத்தார். இம்முறை நான்கு நாட்களுக்கு முன்பே மேற்சொன்னதை எல்லாம் எழுதி அனுப்பினேன். எங்கள் மேசைக்கு மது வேண்டாம் என்றும், தனிச் சட்டியில் சமைத்த மீனும் மரக்கறியும் போதும் என்றும் கேட்டேன். அவரே ரெஸ்டூரன்டோடு பேசி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தார். "அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார். இனிப்பு வந்தபோது தவணைப் பேச்சை எடுத்தேன். 60 நாள் கேட்டேன், 45 நாள் தந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

மார்க்கத்தைச் சொல்ல வெட்கப்பட்ட அன்று விருந்தும் கெட்டது, வியாபாரமும் கெட்டது. நேரத்தோடு தெளிவாகச் சொன்ன அன்று இரண்டும் நடந்தன. சாமான் ஓடர் கொடுக்கும்போது அளவையும் தரத்தையும் எழுதிக் கொடுக்கும் நாம், வயிற்றுக்குள் போவதை மட்டும் வாய்ச் சொல்லில் விடலாமா?